ஒருவர் பேச, மற்றவர் கேட்க

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் நம் கடலூர் மாவட்டம் மின்சாரமின்றித் தவித்ததை மறக்க முடியுமா? செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துவிடும் அத்தகைய வேளையில் கைகொடுப்பது, பேட்டரியிலேயே இயங்கும் ஹாம் ரேடியோ. 2004 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் இதன்மூலமே செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பினர்.

பலர் ஒரே அலைவரிசையில் ஒழுங்காகக் கூடிப் பேசுவதை 'நெட்' என்பர். அதை நடத்த ஒருவர் இருப்பார். மற்றவர்கள் தம் அழைப்புக்குறியைச் சொல்லி அவரிடம் பதிந்துகொள்வர். அவர் அழைத்த பிறகே பேசுவர். உயிர் காக்கும் செய்திக்கே முதலிடம். முடித்ததும் 'ஓவர்' என்பர். இருவர் சேர்ந்து பேசினால் எவர் சொல்லும் விளங்காது.

12 வயது நிரம்பிய நம் பிள்ளைகளும் மத்திய அரசின் தேர்வெழுதி உரிமம் பெறலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த புயலுக்குள் தெருவுக்கு ஒருவராவது தயாராகட்டும்.