எது எந்த வகை? – கைப்பேசி விளையாட்டு முதல் பிச்சாவரம் வரை

ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் இந்த வினாவை எழுதிப் பாருங்கள். கிரிக்கெட் ஆடும் கைப்பேசி விளையாட்டு, கார்ப் பந்தய விளையாட்டு, கிரிக்கெட் அணியைத் தேர்வு செய்து வழிநடத்தும் விளையாட்டு: இம்மூன்றில் பொருந்தாதது எது?

"கார்ப் பந்தயம். மற்ற இரண்டும் கிரிக்கெட்" என்று பலர் சொல்வார்கள். "அணியை வழிநடத்துவதுதான். மற்ற இரண்டுக்கும் விரல் வேகம் வேண்டும்; இதற்கு யோசனை வேண்டும்" என்று ஒரு குழந்தை சொல்லலாம். விடைக்குறிப்பில் முதல் விடை மட்டும் இருந்தால், நன்கு சிந்தித்த அந்தக் குழந்தை மதிப்பெண்ணை இழக்கும்.

இதே சிக்கல் காணொலி விளையாட்டு உலகிலும் உண்டு. திரைப்படங்களைப் பெரும்பாலும் கதையையும் சுவையையும் வைத்துப் பிரிக்கிறோம். காணொலி விளையாட்டுகளைப் பெரும்பாலும் ஆடுபவரின் செயலை வைத்துப் பிரிக்கிறார்கள்: சுடுதல், ஓட்டுதல், புதிர் விடுவித்தல், திட்டமிடுதல். ஆனால் 'ஸ்போர்ட்ஸ்' என்ற வகை, விளையாட்டின் கருப்பொருளை வைத்து அமைந்தது. இரு அளவுகோல்களும் ஒரே பட்டியலில் கலந்திருப்பதால் விவாதம் ஓய்வதில்லை.

ரோக் எழுப்பிய கேள்வி

1980இல் 'ரோக்' என்ற கணினி விளையாட்டு வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் புதிய சுரங்க அறைகள். இறந்தால் தொடக்கத்திலிருந்து ஆட வேண்டும். அதைப் பின்பற்றியவை 'ரோக்லைக்' எனப்பட்டன. எவ்வளவு ஒத்திருந்தால் 'ரோக்லைக்'? 2008இல் பெர்லினில் கூடிய உருவாக்குநர்கள் முதன்மைப் பண்புகள், துணைப் பண்புகள் என இரு பட்டியல்களை வகுத்தனர். சில பண்புகள் இல்லாவிட்டாலும் ஒரு விளையாட்டு இவ்வகையில் சேரலாம் என்றனர். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஓரிரு பண்புகளை மட்டும் எடுத்துக்கொண்ட விளையாட்டுகளுக்கு 'ரோக்லைட்' என்ற பெயரும் பின்னர் வழக்கில் வந்தது.

தில்லை மரம் எந்தக் கூட்டம்?

நம் ஊர்ச் சான்று ஒன்று. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம், அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் சுரபுன்னையோடு வளர்கிறது. வாழிடத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே கூட்டம். தாவரக் குடும்பத்தை வைத்துப் பார்த்தால் தில்லை ஆமணக்கின் உறவு. சுரபுன்னை வேறு குடும்பம். எனவே 'தில்லை, சுரபுன்னை, ஆமணக்கு: பொருந்தாதது எது?' என்றால் இரு விடைகள் சரி. (களப்பயணத்தில் தில்லையைக் குழந்தைகள் ஒடிக்க விடாதீர்கள், அதன் பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும்.)

வகுப்பில் செய்ய

குழுவுக்குப் பத்து விளையாட்டுப் பெயர்களைக் கொடுங்கள். பல்லாங்குழி, ஆடு புலி ஆட்டம், பரமபதம், சதுரங்கம் ஆகியவற்றோடு கைப்பேசி விளையாட்டுகளும் இருக்கட்டும். முதலில் அளவுகோலை எழுதச் சொல்லுங்கள், பிறகு பிரிக்கட்டும். அடுத்து அளவுகோலை மாற்றி மீண்டும் பிரிக்கட்டும். எங்கும் அடங்காத விளையாட்டைத் தனியே வைத்து, காரணத்தைப் பேசவிடுங்கள்.

மதிப்பிடும்போது, "எதை வைத்துப் பிரித்தாய்?" என்று கேளுங்கள். சொன்ன அளவுகோலுக்கு விடை பொருந்தினால் முழு மதிப்பெண் வழங்குங்கள். வினாத்தாளிலும் அளவுகோலைக் குறிப்பிட்டுவிட்டால், சிந்தித்த குழந்தை தோற்காது.