மலிவு விலையில் ஒரு ஃபிக்ஸட் கியர் சைக்கிள்

லண்டன், நியூயார்க் முதலிய பெருநகரங்களில் கூரியர் இளைஞர்கள் விரும்பி ஏறும் ஃபிக்ஸட் கியர் சைக்கிளில், பின்சக்கரத்தின் பல்சக்கரம் ஃப்ரீவீல் இன்றி நேரே ஹப்பில் திருகப்பட்டிருப்பதால், வண்டி ஓடும்வரையில் பெடலும் சுழன்றுகொண்டேயிருக்கும். சரிவிலே காலை ஓய்வாக வைத்துக்கொண்டு உருளும் சுகம் இதில் கிடையாது. கியர் மாற்றும் உபகரணங்கள் இல்லாமையால் விலையும் பராமரிப்புச் செலவும் குறைகின்றன என்பது வாஸ்தவமே. ஆயினும், மலிவு வண்டியைச் செய்தவர் எவ்விடத்தில் சிக்கனம் பிடித்திருக்கிறார் என்று பரிசீலிப்பது அவசியம்.

முதலில் பின் ஹப்பைப் பாருங்கள். பல்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு வளையம் அதற்கு எதிர்த்திசை மரையில் அமைந்திருப்பதனாலேயே, பெடலைப் பின்னோக்கி அழுத்தி வேகத்தைத் தணிக்கும்போது பல்சக்கரம் கழன்று வராமல் நிற்கிறது. அவ்வளையமற்ற ஹப்பை எவ்வளவு சகாயமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. மறுபுறம் ஃப்ரீவீல் மாட்டும் மரையும் இருந்தால், பழகாதவர் சக்கரத்தைத் திருப்பிப் பூட்டிச் சாதாரண சைக்கிளாகவே ஓட்டலாம். என் அபிப்பிராயத்தில் இதுவே உத்தமம்.

அடுத்து, பற்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். முன்னே 46, பின்னே 16 பற்களானால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 2.875 சுற்றுச் சுற்றும். சமதரைக்கு இது பொருந்தும். மேடு மிகுந்த ஊரானால், பின்னே 18 பற்கள் தேவை.

கடைசியாக, பிரேக். ஃப்ரீவீல் இல்லாத பின்சக்கரத்தையே ஒரு பிரேக்காக ஒப்புக்கொள்ளும் பிரிட்டிஷ் சட்டமும் முன்சக்கரத்துக்குப் பிரேக்கை வற்புறுத்துகிறது. அழகு கெடுமென்று அதைக் கழற்றிவிடாதீர்கள்.