எத்தனை மார்க் கஷ்டம்?

கொல்கத்தாவாசிகளான நமக்குக் கால்பந்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் இந்த ஊர் படும் பாடு நாம் அறிந்ததே. ஆனால் ஆடுகிறவனின் உடம்பு படும் பாட்டை நான் யோசித்தது, என் மகன் மைதானத்தில் இறங்கிய பிறகுதான்.

தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் 90 நிமிடத்தில் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதற்கான சக்தியில் பெரும்பகுதி பிராணவாயுவால் கிடைக்கிறது. அதை உடல் எவ்வளவு பயன்படுத்துகிறது என்று துல்லியமாக அளக்க முகமூடி, ஓடுபொறி எல்லாம் வேண்டும். மைதானத்திலேயே மதிப்பிட டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ 'யோ-யோ' சோதனையை வகுத்தார். ஒலிக்கேற்ப 20 மீட்டர் ஓடித் திரும்ப வேண்டும்; 10 விநாடி ஓய்வு; பிறகு மறுபடி ஓட்டம். வேகம் கூடிக்கொண்டே போகும். இரண்டு முறை பிந்தினால் ஆட்டம் குளோஸ்! ஓடிய தூரமே மதிப்பெண்.

இது திறமையின் அளவு. அன்றாடப் பயிற்சியின் சுமையை அளப்பது எப்படி? அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டரின் வழி மிக எளிது. பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, "எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டு, 0 முதல் 10 வரை ஓர் எண் வாங்க வேண்டும். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் சுமை கிடைத்துவிடும்.

என் மகனிடம் தினமும் கேட்டு நோட்டில் குறித்தேன். 60 நிமிடப் பயிற்சிக்கு வழக்கமாக 4 சொல்வான்; சுமை 240. காய்ச்சலில் படுத்து எழுந்தபின் அதே பயிற்சிக்கு 8 என்றான், சுமை 480! பயிற்சியாளரோ, பின்தங்குகிறான் என்று கூடுதலாக இரண்டு சுற்று ஓடவிட்டார். பையன் இரவில் தூக்கமில்லாமல் புரண்டான்.

நோட்டை எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. "சோம்பல் என்றல்லவா நினைத்தேன்!" என்றார். இரண்டு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தார். எண் மெல்ல 4-க்கு இறங்கியது.

இப்போது அவரே எல்லாப் பையன்களிடமும் எண் கேட்கிறார். பிள்ளைகளை ஆட அனுப்பும் பெற்றோர்களே, வீடு திரும்பியதும் "எத்தனை கோல்?" என்று கேட்பதோடு, "எத்தனை மார்க் கஷ்டம்?" என்றும் கேளுங்கள்.