கோலார் தங்கவயல் தமிழ்ப் பதிவுகளும் கணினி நூற்பட்டியலும்

1. களம்

கோலார் தங்கவயலில் 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் சுரங்கப் பணியை மேற்கொண்டபின், வடஆர்க்காடு, தென்ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராக அங்குக் குடியேறினர். 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் நிறுத்தப்பட்டன. இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில், கன்னட நாட்டில் தெலுங்கு வழக்கும் கலந்து வழங்கும் ஒரு மாவட்டத்தில், தமிழ் இதழும் துண்டு வெளியீடும் சங்க அறிக்கையும் அச்சாகியுள்ளன. சுரங்கம் மூடியபின் குடும்பங்கள் பிற ஊர்களுக்குப் பிரிந்து செல்ல, வீட்டுச் சேகரிப்புகளும் உடன் சிதறுகின்றன. எனவே நூலக அடுக்குகளில் எஞ்சியிருப்பவை கணினிப் பட்டியலில் அகப்படுகின்றனவா என்னும் வினா எழுகிறது. கோலாரைத் தலைமையிடமாகக் கொண்டு 2017இல் தோன்றிய பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் நூலகத்தாருக்கும், அவர்தம் பட்டியலை நம்பிப் பணிசெய்யும் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பயன்படத்தக்க சில செய்திகள் ஈண்டுத் தொகுத்துரைக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டுகள் யாவும் தங்கவயலைச் சார்ந்தவை.

2. பெயர்களும் இதழ்த் தலைப்பும்

அயோத்திதாசர் (1845-1914) 1907இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் மாறியது. அவர் மறைவுக்குப்பின் நின்றுபோன இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிட்டார். இம்மூன்றையும் ஒரே பதிவில் அடக்கியுள்ள பட்டியல்கள் ஆய்வாளரை வழிதவறச் செய்யும். தலைப்பின் முதற்சொற்கள் மாறியமையால் முதலிரண்டும் தனித்தனிப் பதிவுகளாதல் வேண்டும். மார்க் 21 வடிவத்தில் 780, 785 ஆகிய புலங்கள் முன்னதையும் பின்னதையும் இணைக்கும். மூன்றாவதைப் பொறுத்துக் கருத்து வேறுபடலாம். வெளியிடும் ஊர் மாறியது என்பது மட்டும் புதிய பதிவுக்குக் காரணம் ஆகாது. ஆயினும் நீண்ட இடைவெளியும் வேறு வெளியீட்டாளரும் இருத்தலின், 'தமிழன் (கோலார் தங்கவயல்)' என ஊர்ப்பெயரை அடைப்பில் இட்டுத் தனிப்பதிவு அமைப்பதே தக்கது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. 'தமிழன்' எனத் தலைப்பிட்ட இதழ்கள் வேறு இருக்க வாய்ப்புண்டு. வேறுபடுத்தும் அடை இன்றேல் அவற்றுள் இது மறைந்துபோகும்.

ஆள்பெயரில் நேரும் மயக்கம் இதனினும் பெரிது. தங்கவயல் அப்பாதுரையாரும், பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையாரும் (1907-1989) வெவ்வேறு அறிஞர்கள். ஒருவர் பௌத்த இயக்கத்தார். மற்றவர் குமரி மாவட்டத்தில் தோன்றி மொழிபெயர்ப்பால் புகழ்பெற்றவர். பெயர்களை வேறுபடுத்துவது ஒரு தகர ஒற்றும் தலைப்பெழுத்துமே. உரோமன் எழுத்தில் பெயர்க்குங்கால் அவ்வொற்று ஒரு 'டி' எழுத்தாகக் குறுகிவிடும். தட்டச்சு செய்வோர் அதனை விட்டுவிட்டால் இருவரும் ஒருவராவர். பெயர் அதிகாரக் கோப்பில் வாழ்நாளாண்டோ தொழிற்குறிப்போ சேர்த்து இருவரையும் பிரித்துவைத்தல் வேண்டும். அயோத்திதாசருக்கு இதன் மறுதலையான சிக்கல்: அயோத்திதாஸ், அயோத்திதாச பண்டிதர், அயோத்தி தாஸ பண்டிதர், அயோத்திதாசப் பண்டிதர் எனப் பல வடிவங்கள் ஒருவரையே சுட்டும். ஆங்கிலத்திலும் அவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டில் வழங்குகிறது. ஒன்றைத் தலைப்பாகக் கொண்டு, ஏனையவற்றை 400ஆம் புலத்தில் 'காண்க' குறிப்புகளாக அமைத்தல் முறை. அவர் எழுத்துகள் 1999 முதல் தொகுதிகளாக வெளிவந்தபின் மேற்கோள்கள் பெருகியுள்ளமையால் இவ்வேலையை இனியும் தள்ளிப்போடல் ஆகாது.

3. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

1991இல் வெளியான ஒருங்குறி முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் நூலகப் பதிவுகள் பல அதன்பின்னும் எழுத்துருசார்ந்த குறியீடுகளிலேயே உள்ளிடப்பட்டன. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் டேஸ்-16 குறியீட்டையும் ஏற்றது. பழைய பதிவுகளை மாற்றும்போது நேரும் பிழைகள் திரையில் தோன்றா, தேடலில்தான் தோன்றும்.

'தொழிலாளர்' என்னும் சொல்லை நோக்குக. முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீட்டெண்ணாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டும் சமமெனவே ஒருங்குறி கொள்கிறது. இயல்பாக்கம் எனப்படும் செயல்முறையை, குறிப்பாக இணைத்து எழுதும் 'சி' வடிவத்தை, எல்லாப் பதிவுகளின்மீதும் ஒருமுறை இயக்கினால் வேறுபாடு நீங்கும்.

இயல்பாக்கத்தால் தீராத பிழை ஔகாரத்தது. 'கௌதம' என்பதனைக் ககரத்தோடு ஔகாரக் குறி சேர்த்து எழுதாமல், கெ என்னும் எழுத்தையடுத்து ளகரத்தை இட்டுக் 'கெளதம' என உள்ளிடும் வழக்கம் தட்டச்சுப் பொறிக் காலத்தின் எச்சம். 'பௌத்தம்', 'ஔவை' முதலியவற்றிலும் இவ்வாறே. இரண்டு வடிவங்களும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை இருவேறு சொற்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இயங்கிற்று. அயோத்திதாசர் நூல்களை மறுபதிப்பாக வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் தங்கவயலைச் சேர்ந்தது. ஆகவே இவ்வூர் வெளியீடுகளில் இச்சொற்கள் தலைப்பிலேயே நிற்பவை. ஓர் ஔகாரம் பிழைபட்டால் 'பௌத்தம்' என்று தேடுபவருக்கு அவ்வெளியீடு கிட்டாது.

திருத்தும் வழி உண்டு. எகரக்குறி ஏறிய மெய்க்குப்பின் வரும் ளகரத்தை எல்லாப் பதிவுகளிலும் தேடுக. 'வெளியீடு', 'தெளிவு', 'வெள்ளி' போன்ற சொற்களில் அந்த ளகரத்தின்மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இருக்கும். எக்குறியும் இன்றி அகரமேறிய ளகரமாக நிற்பவற்றுள் மிகுதியானவை ஔகாரப் பிழைகளே. அப்பட்டியலை மனிதர் ஒருவர் பார்த்தே மாற்றவேண்டும். எந்திரத்திடம் முழுதும் ஒப்படைத்தல் தீது. 'ஸ்ரீ' என்பதும் இத்தகையதே: 2005இல் ஒருங்குறியில் ஶகரம் சேர்ந்தபின் அதனை இருவகையில் எழுத இயல்கிறது. கண்ணுக்குப் புலனாகாத இணைப்புத்தடைக் குறிகளைத் தமிழ்ப் புலங்களிலிருந்து நீக்கலாம். கன்னடப் புலங்களில் அவற்றுக்கு எழுத்துவடிவப் பயன் உண்டாதலின் அங்கு நீக்குதல் கூடாது. இருமொழிப் பதிவுகளை ஒருசேரத் தூய்மை செய்வோர் இதனை மறத்தலாகாது.

4. புள்ளியும் நட்சத்திரக் குறியும்

சொல்லின் முற்பகுதியைத் தந்து நட்சத்திரக் குறியிட்டுத் தேடும் வசதி கோகா முதலிய மென்பொருள்களில் உண்டு. தமிழில் இதனைக் கையாள இலக்கண அறிவு வேண்டும். 'தங்கவயல்' என எழுதி நட்சத்திரமிட்டால் 'தங்கவயலில்', 'தங்கவயலின்' என்பன அகப்படா. ஏனெனில் முன்னதில் லகரத்தை அடுத்துப் புள்ளி உள்ளது. பின்னவற்றில் அவ்விடத்தில் உயிர்க்குறி உள்ளது. புள்ளியை நீக்கி, 'தங்கவயல' என்பதோடு நட்சத்திரமிடின் அனைத்தும் கிட்டும். மகர ஈற்றுப் பெயர்களுக்கு இதுவும் போதாது. 'சுரங்கம்' அத்துச்சாரியை பெற்றுச் 'சுரங்கத்தில்' ஆதலின் மகரத்தையே விட்டுச் 'சுரங்க' வரை தருதல் வேண்டும். நன்னூல் படித்தவர்க்கு இது புதிதன்று. நூலகப் பயிற்சி ஏடுகளில்தான் இது காணப்படுவதில்லை.

சொற்பிரிப்பு வேறொரு சிக்கல். தங்கவயல், தங்க வயல். தங்கச்சுரங்கம், தங்கச் சுரங்கம், ஒற்று மிகாத தங்க சுரங்கம் என அச்சில் பலவாறு வருகின்றன. தலைப்பை உள்ளவாறே 245ஆம் புலத்தில் படியெடுத்து, வேற்று வடிவங்களை 246ஆம் புலத்தில் தருக. மூலத்தின் பிழையைத் திருத்தி எழுதிவிட்டு வேற்று வடிவத்தைத் தாராத பட்டியலாளர் மொழியியலாரின் சான்றை அழித்தவராவார்.

5. ஊர்ப்பெயர்

இராபர்ட்சன்பேட்டை ஆங்கிலம், கன்னடம், தமிழ் ஆகிய மும்மொழி வெளியீடுகளிலும் வரும் ஊர். அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் வகுத்த உரோமன் பெயர்ப்பு முறையில், தமிழ்ப் பகரம் எவ்விடத்தும் 'பி' என்னும் வல்லெழுத்தாகவே நிற்கும். ஒலிப்புடை எழுத்தாக மாறாது. கன்னடத்தில் அவ்விடத்தில் ஒலிப்புடைப் பகரத்துக்குத் தனி எழுத்தே உண்டு. தமிழில் சொல்லீறு ஐகாரம், கன்னடத்தில் எகரம். ஆகவே விதிப்படி ஒழுங்காகப் பெயர்த்தாலும் ஒரே ஊர் மூன்று வெவ்வேறு எழுத்துத்தொடராகிறது. மாற்றெழுத்து முறையில் குற்றமில்லை. அது எழுத்தைப் பெயர்ப்பது, ஒலியைப் பெயர்ப்பதன்று. உரோமன் வடிவத்தை மட்டும் நம்பாமல் மூலவரிவடிவத்தையும் 880ஆம் புலத்தில் இணைத்துத் தருவதும், ஊரை 752ஆம் புலத்தில் நாடு, மாநிலம், மாவட்டம் எனப் படிநிலையாக ஒரே வடிவில் குறிப்பதும் இதற்குத் தீர்வு. பவுரிங்பேட்டை என முன்னர் வழங்கியது பங்காரப்பேட்டை ஆயிற்று; கோலாரே பழங்கல்வெட்டுகளில் குவளாலம் எனப்பட்டு, சோழர் காலத்தில் நிகரிலிச் சோழ மண்டலத்தில் அடங்கியிருந்தது. கோலார் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து ரைஸ் 1905இல் வெளியிட்ட எபிகிராபியா கர்நாடிகா பத்தாம் தொகுதியில் தமிழ்க் கல்வெட்டுகள் பல உள்ளன. அந்நூலுக்குக் கன்னடக் குறியீடு மட்டும் இட்டால் தமிழாய்வாளர் அதனைக் காணார். 041ஆம் புலத்தில் இரு மொழிகளையும் குறிக்க.

6. அகரவரிசையும் ஒளிவழி எழுத்துணரியும்

ஒருங்குறி எண்வரிசை தமிழ் அகரவரிசை அன்று. அதில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னும் நிற்கும்; புள்ளியெழுத்து அகரமேறிய எழுத்துக்குப்பின் செல்லும். தமிழ் வரிசைமுறையைக் கொண்ட ஐசியு நூலகத்தைக் குறியீட்டாக்கத்தில் இயக்கினால் அகராதி வரிசை கிடைக்கும். ஆயின் உரோமன் வடிவில் மேற்குறி, கீழ்க்குறிகளை நீக்கித் தேடும் வசதியை இயக்கினால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகும். வாளை மீனும் வாழை மரமும் ஒரே விடையில் வரும். ஆங்கிலவழித் தேடுவோர்க்கு அது உதவி. தமிழ் வரிவடிவப் புலங்களுக்கு அவ்வசதி வேண்டா.

1978க்கு முற்பட்ட தமிழக அச்சிலும், அச்சீர்திருத்தம் பின்னர்ச் சென்று சேர்ந்த பிற மாநில அச்சிலும் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் பழைய வடிவில் இருக்கும். புதிய அச்சைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரி மென்பொருள் இவற்றைத் தவறாகப் படிக்கும். தங்கவயல் இதழ்களை மின்னுருவாக்கும்போது முதல் இருபது பக்கங்களையேனும் கையால் திருத்தி, இவ்வெழுத்துகளின் பிழைவகையைப் பட்டியலிட்டபின் ஏனையவற்றை இயக்குதல் நன்று. படிமக் கோப்பைச் சுருக்காமல் தனியே காத்துவைக்க. இன்று பிழைபடப் படித்த பக்கத்தை நாளைய மென்பொருளிடம் மீண்டும் தர அது வேண்டும்.