ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

பிறந்த குழந்தை வீறிட்டு அழுதால் பிரசவ அறையில் எல்லோருக்கும் நிம்மதி. முனகினால்தான் கவலை. மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் தொண்டையிலிருந்து 'ங்... ங்...' என்று எழும் அந்தச் சின்ன ஒலி காதில் விழுந்ததும், அனுபவமுள்ள நர்ஸ் துணியை விலக்கிக் குழந்தையின் மார்பைப் பார்ப்பார். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபடுகிறதா, மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா என்று கவனிப்பார். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரத்தை வைத்து எண்ணுவார். 60-ஐத் தாண்டினால் டாக்டருக்கு ஆள் போகும்.

அந்த முனகல் நோயின் அறிகுறி மட்டுமல்ல. குழந்தை தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியமும் அதுதான். குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை விடுவதால் காற்று முழுவதும் வெளியேறிவிடாமல் கொஞ்சம் உள்ளே தங்குகிறது. நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஹாரிசன், ஹீஸ், கிளைன் என்ற மூன்று மருத்துவர்கள் 1968-இல் இதை அளந்தே காட்டினார்கள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகினால் குரல்வளையை மூட முடியாது, முனகல் நின்றுவிடும். அப்படி நின்றபோது குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. குழாயை எடுத்ததும் முனகல் திரும்பியது, ஆக்சிஜனும் ஏறியது. உதவி செய்வதாக நினைத்துச் செருகிய குழாய், குழந்தையிடம் இருந்த ஒரே ஆயுதத்தைப் பறித்துக்கொண்டிருந்தது.

நுரையீரல் ஏன் ஒட்டிக்கொள்கிறது? நுரையீரலின் கடைசிக் கிளைகளில் நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்சுவரில் எப்போதும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. நீரின் பரப்பு இழுவிசை அந்த அறையைச் சுருக்கவே பார்க்கும். அறை சிறிதாகச் சிறிதாக இழுப்பு கூடும். புது பலூனை முதல் ஊதில் விரியவைக்கக் கன்னம் வலிக்கும், கொஞ்சம் காற்று உள்ளே தங்கிவிட்டால் பிறகு எளிது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த முதல் ஊதின் கஷ்டத்தைக் குறைமாதக் குழந்தை ஒவ்வொரு மூச்சிலும் படுகிறது.

நிறைமாதக் குழந்தைக்கு இந்தத் துன்பம் இல்லாததற்குக் காரணம் சர்ஃபாக்டன்ட். நுரையீரல் செல்கள் சுரக்கும், பெரும்பாலும் கொழுப்பாலான ஒரு பொருள் இது. நீர்ப்படலத்தின் மேல் பரவி இழுவிசையைத் தளர்த்திவிடும். கருவின் 24-ஆவது வாரத்தை ஒட்டி இது சுரக்கத் தொடங்கினாலும், போதுமான அளவு சேர்வது 34, 35 வாரங்களில்தான். அதற்கு முன் பிறந்துவிட்ட குழந்தைக்கு நுரையீரல் இருக்கிறது, அதை விரித்து வைக்கும் பொருள் இல்லை.

இந்தப் பொருள் கண்டுபிடிக்கப்பட்ட இடம் எந்தக் குழந்தை மருத்துவமனையும் அல்ல. பிரிட்டனின் போர்ட்டன் டவுன் இராணுவ ஆய்வகத்தில் ரிச்சர்ட் பேட்டில் என்ற ஆய்வாளர், நுரையீரலிலிருந்து வந்த நுரையில் இருந்த குமிழிகள் உடையாமல் நெடுநேரம் நிற்பதைக் கவனித்து 1955-இல் எழுதினார். சாதாரணக் குமிழி அவ்வளவு நேரம் தாங்காது. அமெரிக்க இராணுவத்தின் வேதியியல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றிய ஜான் கிளெமென்ட்ஸ், நுரையீரலில் இழுவிசையைக் குறைக்கும் பொருள் இருப்பதை 1957-இல் அளந்து நிறுவினார். இருவருமே நச்சு வாயுக்கள் நுரையீரலை என்ன செய்கின்றன என்ற கேள்வியின் பக்கமிருந்து வந்தவர்கள். கொல்லும் வாயுவைப் பற்றிய ஆராய்ச்சி குழந்தைகளைக் காக்கும் அறிவாக மாறியதற்கு மேரி எலன் ஏவரி என்ற இளம் பெண் மருத்துவரின் கண்தான் காரணம். படிப்பு முடித்த கையோடு காசநோயில் விழுந்து எழுந்தவர் அவர். நுரையீரல் மேல் அவருக்கு ஆர்வம் பிறந்ததே அதற்குப் பிறகுதான். மூச்சுத்திணறலில் இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லை என்பதை அவர் கண்டார். ஜியர் மீட் என்பவருடன் சேர்ந்து 1959-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தக் குழந்தைகளிடம் சர்ஃபாக்டன்ட் குறைந்திருப்பதைக் காட்டினார்.

காரணம் தெரிந்துவிட்டது. கையில் மருந்து இல்லை. 1963 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஆண் குழந்தை பிறந்தது. எடை ஏறக்குறைய 2.1 கிலோ. பெயர் பேட்ரிக். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குள்ளும் வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துவிட்டது. உலகின் மிக அதிகாரம் படைத்த மனிதருக்கு அன்று கிடைக்காத சிகிச்சையை இன்று நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் எதிர்பார்க்கலாம். அந்த எடையில், அந்த வாரத்தில் பிறக்கும் குழந்தை இன்று பிழைத்து வீடு போவதுதான் வழக்கம்.

வழி திறந்தது சான்பிரான்சிஸ்கோவில். கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவர் ஜார்ஜ் கிரகரியும் அவருடைய குழுவினரும் முனகலின் தத்துவத்தையே கையில் எடுத்தார்கள். குழந்தை தொண்டையை மூடி உண்டாக்கும் அழுத்தத்தை வெளியிலிருந்து, இடைவிடாமல் கொடுத்தால் என்ன? மூச்சைக் குழந்தையே இழுத்து விடட்டும். மூச்சின் முடிவில் நுரையீரல் மூடிக்கொள்ளாமல் மட்டும் நாம் பார்த்துக்கொள்வோம். கடுமையாகத் திணறிய 20 குழந்தைகளுக்கு இப்படிச் செய்ததில் 16 பேர் பிழைத்தார்கள். 1971-இல் வெளியான இந்த முடிவுதான் இன்று சிபாப் என்று நாம் அழைக்கும் சிகிச்சையின் தொடக்கம். கிரகரி பெரும்பாலான குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைத்துத்தான் அழுத்தம் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் ஜான் கேட்விங்கெல் அதை மூக்கோடு நிறுத்திக்கொண்டார். பச்சிளம் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால் இரண்டு துவாரங்களில் சிறு முனைகளை வைத்தாலே போதும் என்று ஆயிற்று.

இன்று வார்டுகளில் காணும் பபிள் சிபாப் கருவியின் அமைப்பு அசரவைக்கும் அளவுக்கு எளியது. காற்றும் ஆக்சிஜனும் கலந்து, இளஞ்சூடாகி, ஈரமாகி, ஒரு குழாய் வழியே குழந்தையின் மூக்குக்கு வருகிறது. வெளியேறும் குழாயின் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. 5 சென்டிமீட்டர் ஆழத்தில் முனை இருந்தால், அவ்வளவு தண்ணீரையும் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியேற வேண்டும். அதே அழுத்தம் குழந்தையின் நுரையீரலில் நிற்கும். அழுத்தம் கூட வேண்டுமா, குழாயை இன்னும் ஒரு சென்டிமீட்டர் இறக்கு. அவ்வளவுதான். பாட்டிலில் குமிழி கொப்பளித்தபடி இருந்தால் அழுத்தம் நிற்கிறது என்று அர்த்தம். குமிழி நின்றால் எங்கோ கசிவு. வெளியே காத்திருக்கும் உறவினர்கள் "கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க" என்று சொல்லும் அந்த இன்குபேட்டர் தருவது கதகதப்பை. மூச்சைத் தாங்கிப் பிடிப்பது இந்தத் தண்ணீர் பாட்டில்.

வென்டிலேட்டர் என்ற பெரிய கருவி இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. 1970, 80-களில் பெரிய மருத்துவமனைகள் அப்படித்தான் நினைத்தன. ஆனால் முதிராத நுரையீரலுக்குள் குழாய் வைத்து இயந்திரம் காற்றைத் திணிக்கும்போது அது காயப்படும். காயம் நாள்பட்ட நுரையீரல் நோயாகத் தங்கிவிடும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜென்-டியன் வுங் என்ற மருத்துவர் மட்டும் பிடிவாதமாகப் பிறந்தவுடன் மூக்கில் பபிள் சிபாப் என்ற வழியிலேயே நின்றார். அதே மேரி எலன் ஏவரி, 8 அமெரிக்க மருத்துவமனைகளை ஒப்பிட்டு 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாள்பட்ட நுரையீரல் நோய் மிகக் குறைவாக இருந்த இடம் கொலம்பியா. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 25 முதல் 28 வாரங்களில் பிறந்த 610 குழந்தைகளை சிபாப், வென்டிலேட்டர் என இரண்டு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிபாப் தரப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் 5 நாட்களில் வென்டிலேட்டர் குழாயே தேவைப்படவில்லை. அதே ஆய்வில் சிபாப் குழுவில் நுரையீரலிலிருந்து காற்று கசிந்து மார்பில் தேங்கியவர்கள் அதிகம், 9 விழுக்காடு. மற்ற குழுவில் 3. அங்கே தொடங்கிய அழுத்தம் 8 சென்டிமீட்டர். எளிய கருவி என்பதால் ஆபத்தில்லாத கருவி ஆகிவிடாது.

சர்ஃபாக்டன்டையே மருந்தாகக் கொடுக்கும் வழியை ஜப்பானின் டெட்சுரோ ஃபுஜிவாரா 1980-இல் 10 குழந்தைகளிடம் காட்டினார். மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த பொருள் அது. இன்று சிபாப்பும் அதுவும் சேர்ந்தே நடக்கின்றன. ஆனால் ஒரு வேளை மருந்துக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும் நாட்டில் தண்ணீர் பாட்டிலின் மதிப்பு கூடத்தான் செய்யும்.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பிளான்டயர் நகர அரசு மருத்துவமனைக்கு, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து ஒரு பபிள் சிபாப் செய்து கொடுத்தார்கள். 2014-இல் வெளிவந்த கணக்கின்படி, மூக்கில் ஆக்சிஜன் மட்டும் பெற்ற குழந்தைகளில் 44 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். இந்தக் கருவி பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர். குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு அல்ல என்பதால் அந்த வித்தியாசம் முழுவதையும் கருவியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஆனாலும் புறக்கணிக்கக்கூடிய வித்தியாசமும் அல்ல.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பச்சிளம் பருவத்தைக் கடந்த, நிமோனியாவில் திணறும் சிறு குழந்தைகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகள் என் மனதை விட்டு அகலவில்லை. டாக்காவில் ஜொபாயர் சிஸ்தி என்ற மருத்துவர் காலி ஷாம்பு பாட்டிலை வைத்து பபிள் சிபாப் செய்தார். 2015-இல் வந்த முடிவில், சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினர் இறந்தனர், அவருடைய கருவி பெற்றவர்களில் 4 விழுக்காட்டினர்தான். இதே தத்துவம் மலாவியின் சலிமா மாவட்ட மருத்துவமனைக்குப் போனது. அங்கே தினமும் டாக்டர் மேற்பார்வை இல்லை. 2019-இல் வெளியான முடிவு நேர் எதிராக இருந்தது. ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 விழுக்காட்டினரும், சிபாப் பெற்றவர்களில் 17 விழுக்காட்டினரும் இறந்தனர். இரண்டு இடத்துக் குழந்தைகளின் நிலையும் ஒன்றல்ல. ஆனால் டாக்காவில் டாக்டர்கள் எந்நேரமும் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. கருவியை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

ஏனென்றால் சிபாப் ஆள் கேட்கும் சிகிச்சை. மூக்கு முனை பெரிதாக இருந்தாலோ அழுத்தி உரசினாலோ நடுத்தண்டு புண்ணாகும், சில சமயம் அழிந்தேபோகும். காற்று வயிற்றுக்குள் போய் உப்பும், வாய்வழிக் குழாய் போட்டு இறக்க வேண்டும். மூக்கில் சளி அடைத்துவிட்டால் பாட்டிலில் குமிழி அழகாக வந்துகொண்டே இருக்கும், குழந்தைக்கு அழுத்தம் போய்ச் சேராது. இதையெல்லாம் எந்த அலாரமும் சொல்லாது. இரவு 3 மணிக்கும் மூக்கைப் பார்த்து, சளி எடுத்து, குழாயைப் பிடித்திருக்கும் தொப்பியைச் சரிசெய்யும் நர்ஸ்தான் இந்தச் சிகிச்சையின் உயிர். ஒரு நர்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் எந்த விலைக் கருவியும் உதவாது.

இன்னொன்று ஆக்சிஜன். 1940, 50-களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். மிகுதியான ஆக்சிஜன் விழித்திரையின் முதிராத இரத்தக் குழாய்களைத் தாறுமாறாக வளரவைக்கும். பயந்துபோய்க் குறைத்தபோது இறப்பு கூடியது. 2010-க்குப் பின் வந்த பெரிய ஆய்வுகளிலும் இதே இழுபறிதான், அளவைத் தாழ்த்தினால் கண் தப்பியது, உயிர் போனது. அதனால்தான் இன்று இரத்த ஆக்சிஜன் செறிவை 90-க்கும் 95-க்கும் இடையில் நிறுத்தச் சொல்கிறார்கள். அதற்குக் காற்றையும் ஆக்சிஜனையும் அளவாகக் கலக்கும் பிளெண்டர் வேண்டும். பிளெண்டர் இல்லாமல் சிலிண்டரிலிருந்து தூய ஆக்சிஜனைப் பாட்டிலில் குமிழி விடுவதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன். உயிரைக் காப்பாற்றிக் கண்ணைப் பறிக்கும் வேலை அது. கருவி வாங்கும் பட்டியலில் பிளெண்டரும், கையிலோ பாதத்திலோ சுற்றும் ஆக்சிஜன் மானியும் சிபாப்புக்கு முன்னால் இருக்க வேண்டும்.

இவ்வளவும் குழந்தை பிறந்த பிறகு. பிறக்கும் முன்பே நுரையீரலைத் தயார்செய்ய ஒரு மலிவான ஊசி இருக்கிறது. நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-இலேயே நிரூபித்தது. குறைமாதப் பிரசவம் வரப்போகிறது என்று தெரிந்ததும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிர்கிறது. அமெரிக்காவிலேயே 1994-இல்தான் இதைப் பரவலாகப் பயன்படுத்தும்படி நிபுணர் குழு பரிந்துரைத்தது. 22 ஆண்டுத் தாமதம். இந்தியாவில் 24 முதல் 34 வாரம் வரையிலான பிரசவ வலிக்கு டெக்சாமெத்தசோன் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி என்பது அரசு வழிகாட்டுதல். முதல் ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே போட்டு அனுப்பலாம்.

ஆகவே, வீட்டில் கர்ப்பிணி இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். எட்டாம் மாதம் முடிவதற்குள் வலி வந்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ "பொய் வலியா இருக்கும், விடியட்டும்" என்று காத்திருக்காதீர்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். குழந்தை பிறந்த பின் ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிடத் தாயின் வயிற்றிலேயே கொண்டுபோவது எவ்வளவோ பத்திரம். நுரையீரலுக்கான ஊசி போட்டாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும், மிகவும் சிறிய குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே. வீட்டுக்கு அனுப்பும்போது அந்தத் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.