கறுப்பா இருக்கறதெல்லாம் ஜெட் இல்லை

'ஜெட் பிளாக்'ங்கற கலர் பேரை போன்ல, கார்ல, ஹேர் டையில எல்லாம் பாத்திருப்பீங்க. அந்த ஜெட்டுக்கும் விமானத்துக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஒரு நகைக்கல். சரியாச் சொன்னா கல்லுகூட இல்லை, மரம்! சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலடிச் சேற்றில் புதைந்து இறுகிப்போன மரம். நிலக்கரிக்குச் சொந்தம்னு வெச்சுக்கலாம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில இருக்கற விட்பி ஊர் ஜெட்தான் ரொம்பப் பிரபலம்.

விக்டோரியா காலத்து நகைகளைச் சேகரிக்க ஆரம்பிச்சா, சீக்கிரமே இது கண்ணுல படும். காரணம், துக்கம். 1861 டிசம்பர்ல ராணியோட கணவர் ஆல்பர்ட் இறந்தார். 1901ல தான் இறக்கும் வரைக்கும் ராணி கறுப்புதான் உடுத்தினாங்க. துக்கம் காக்கற பெண்களுக்குக் கறுப்பு நகைதான் பொருத்தம்ங்கற வழக்கம் இன்னும் வலுவாச்சு. 1870கள்ல விட்பியில ஆயிரம் பேருக்கு மேல இந்தத் தொழில்ல இருந்தாங்க.

டிமாண்ட் எகிறினா மாற்றுப் பொருள் வராம இருக்குமா? ரெண்டு முக்கியமானது. ஒண்ணு, 'பிரெஞ்சு ஜெட்'. பேர்லதான் ஜெட், உண்மையில அது கறுப்புக் கண்ணாடி. இன்னொண்ணு, வல்கனைட். ரப்பரோட கந்தகம் சேர்த்து, சூடாக்கி, கெட்டியாக்கின பொருள்.

எப்படிக் கண்டுபிடிக்கறது? நான் இதை டீபக்கிங் மாதிரிதான் பாக்கறேன். ஒரு டெஸ்ட் பாஸ் ஆனா போதாது.

முதல்ல கையில எடுங்க. கண்ணாடி கனமா, சில்லுனு இருக்கும். ஜெட் லேசா, வெதுவெதுப்பா இருக்கும். ஆனா வல்கனைட்டும் லேசுதான்!

அடுத்தது, மெருகு பூசாத பீங்கான்ல உரசற டெஸ்ட். ஜெட் பழுப்புக் கோடு போடும், கண்ணாடி போடாது. இங்கயும் வல்கனைட் பழுப்புக் கோடு போட்டு நம்மளை ஏமாத்தலாம். உரசினா நகையில தடம் விழும், அதனால விற்கறவர் சம்மதிச்சா மட்டும், பின்பக்கத்துல.

அப்போ வல்கனைட்டை எப்படிப் பிடிக்கறது? வெளிச்சம் பட்டுப் பட்டு அது பழுப்பா வெளுத்துப்போகும். நல்ல ஜெட் கறுப்பாவே இருக்கும். ஒரு லென்ஸ் வெச்சும் பாருங்க. வல்கனைட் அச்சுல வார்த்தது, விளிம்புகள் மழுங்கலா, சில சமயம் அச்சுக்கோடோட இருக்கும். ஜெட் கையால செதுக்கினது, விளிம்புகள் கூர்மையா இருக்கும்.

சூடான ஊசியால குத்திப் பாருன்னு சிலர் சொல்வாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். பதில் கிடைக்கலாம், ஆனா 150 வருஷம் தாங்கின பொருள்ல ஒரு ஓட்டை விழுந்துடும். அதுக்கு அண்டூ பட்டன் கிடையாது.

கடைசியா ஒண்ணு. கண்ணாடின்னு தெரிஞ்சதும் தூக்கிப் போடாதீங்க. அதுவும் அந்தக் காலத்துப் பொருளா இருக்கலாம். ஜெட் வாங்க வசதியில்லாத ஒருத்தங்க, யாரையோ நினைச்சுப் போட்டுக்கிட்டதாகவும் இருக்கலாம். தாராளமா வாங்குங்க. ஆனா கண்ணாடிக்குக் கண்ணாடி விலைதான் கொடுக்கணும்.

அடுத்த எபிசோட்ல பாப்போம், மக்களே!