'றொபோ' என்னும் சொல்லும் உழைப்பும்

அறிவுடை இயந்திரங்களை மதிப்புடன் சுட்டும் சொற்கள் இன்று தேடப்படுகின்றன. அத்தகைய சொற்களின் சமூக வரலாற்றை நாம் நோக்குதல் அவசியமாகும். செக் நாடகாசிரியர் கரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யூ.ஆர்.' நாடகம் வாயிலாகவே 'றொபோ' உலகவழக்குப் பெற்றது. அச்சொல்லை முன்மொழிந்தவர் அவர்தம் தமையனாரான ஓவியர் யோசெப். அதன் மூலமான 'றொபோத்தா', நிலப்பிரபுவுக்குக் குடியானவர் செய்த கட்டாய உழைப்பைக் குறித்தது. ஹப்ஸ்பேர்க் பேரரசில் அவ்வழக்கம் 1848இல் ஒழிக்கப்பட்டது. நாடகத்து றொபோக்களும் உலோகப் பொறிகளல்ல. உழைப்பதற்கெனவே ஆக்கப்பட்டு, இறுதியிற் கிளர்ந்தெழுவோர்.

தமிழிலே வழங்கும் 'இயந்திர மனிதன்' பொறிக்கு உயர்திணைத் தகுதி அளிக்கின்றது. ஆயின், மூலச்சொல் தாங்கிய சுரண்டலின் நினைவை இழந்துவிடுகின்றது. 'செயற்கை நுண்ணறிவு' என்பதும், தரவுகளுக்குக் குறியிடும் குறைகூலித் தொழிலாளரை மறைக்கின்றது. பொறிக்கு மதிப்புப்பெயர் தேடுவோர், அதனை இயங்கவைக்கும் உழைப்பாளரை முதலில் இனங்காணவேண்டும் என்பதே நமது நிலைப்பாடாகும்.